கண்ணாடிக் கலத்துள் மின்னல்

ஏரியின் மதகை அடைத்துவிட்டால் வாய்க்காலில் நீரோட்டம் நின்றுபோகும். சிறிது நேரத்தில் அடிமணல் தெரியும். சிறுவர்கள் அச்சமின்றி அதில் இறங்கி விளையாடுவர். ஆனால் மதகுக்கு அப்பால் ஏரி நிறைந்தே இருக்கிறது. அதற்கு நீர் கொண்டுவந்த ஆறு வற்றிவிட்டாலும் ஏரி வற்றிவிடுவதில்லை. கரை உடையுமாயின் பல நாள் சேர்ந்த வெள்ளம் ஒரு நாழிகைக்குள் ஊரைச் சூழ்ந்துவிடும்.

மின்சாரத்திலும் வாய்க்கால் உண்டு, ஏரியும் உண்டு. விளக்கிற்கும் விசிறிக்கும் செல்லும் கம்பி வாய்க்காலைப் போன்றது. மின்சாரத்தைத் தன்னுள் சேர்த்து வைக்கும் கருவியோ ஏரியைப் போன்றது. அதற்கு மின்தேக்கி என்று பெயர். மின்சாரம் வரும் வழியை முற்றிலும் துண்டித்த பின்னரும் அக்கருவி தன்னுள் கொண்டதை விடாது. அது ஒலிப்பதில்லை, ஒளிர்வதில்லை, தொட்டால் சுடுவதுமில்லை. நிறைந்த கலமும் வெறுங்கலமும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். அதன் அபாயம் அனைத்தும் இவ்வொரு தன்மையிலிருந்தே பிறக்கின்றது.

இக்கருவியின் அமைப்பு மிக எளிது. மின்சாரம் பாயும் இரண்டு பொருள்களுக்கு இடையே மின்சாரம் பாயாத ஒரு பொருளை வைத்தால் மின்தேக்கி ஆகிவிடும். உலோகத் தாள் இரண்டும் அவற்றிடையே ஒரு கண்ணாடியும் போதும். உப்பு நீர் நிரப்பிய புட்டியும் போதும். எளிதாக இருத்தல் பெரும்பாலும் நன்மையே. இங்கு அது நன்மையாக இல்லை. வீட்டிற் கிடக்கும் பொருள்களைக் கொண்டு எவரும் செய்துவிடலாம் என்பதனால், அதன் ஆற்றலை அறியாதவரும் அதனைச் செய்துவிடுகின்றனர். முதன்முதலில் அதனைச் செய்தவர்களும் அத்தகையோரே.

1745ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பொமரேனியா நாட்டுக் காமின் நகரில், பெருங்கோயிலின் தலைமைக் குருவாக விளங்கிய கிளைஸ்ட் என்பவர் ஒரு சோதனை செய்தார். சிறு மருந்துப் புட்டிக்குள் ஓர் ஆணியைச் செருகி, அவ்வாணியை மின்பொறியால் ஏற்றினார். அக்காலத்து மின்பொறி என்பது சுழலும் கண்ணாடிக் கோளத்தைக் கையால் உரசி மின்சாரம் உண்டாக்கும் கருவியாகும். ஒரு கையில் புட்டியைப் பற்றிக்கொண்டு மறு கையால் ஆணியைத் தொட்டபோது, தோளும் கையும் அதிரும்படியான தாக்குதல் ஏற்பட்டது.

சில திங்கள் கழித்து, 1746ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒல்லாந்து நாட்டு லைடன் நகரிலும் இதுவே நிகழ்ந்தது. அந்நகரப் பல்கலைக் கழகப் பேராசிரியர் மூசென்புரூக், மின்சாரம் காற்றில் கசிந்து போவதைத் தடுக்க எண்ணி, அதனைக் கண்ணாடிப் பாத்திரத்து நீருக்குள் அடைக்க முயன்றார். அவருடைய ஆய்வுக்கூடத்திற்கு வந்து பழகியவர் குனேயஸ் என்னும் வழக்கறிஞர். மின்னேற்றும் பொருளை மின்சாரம் கடத்தாத தாங்கியின்மேல் வைத்தல் வேண்டும் என்பது அக்காலத்து விதி. வழக்கறிஞர் அவ்விதியைக் கருதாமல் பாத்திரத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டார். அறிஞர் பலர் விதி வழுவாமல் செய்தும் காணாததை அவர் விதி வழுவிக் கண்டார்! கண்ணாடிக்கு உட்புறம் நீர் ஒரு தகடாகவும், வெளிப்புறம் அவருடைய உள்ளங்கையே மற்றொரு தகடாகவும் அமைந்துவிட்டமையே அதற்குக் காரணம்.

மூசென்புரூக்கும் தாமே அதனைச் செய்து பார்த்தார். மின்னல் தாக்கியது போலத் தம் உடல் முழுதும் நடுங்கியதாகவும், தம் வாழ்வு முடிந்ததென்றே எண்ணியதாகவும் அவர் பாரிஸ் நகரத்து ரேமூர் என்னும் அறிஞருக்கு எழுதினார். இச்சோதனையை எவரும் செய்யவேண்டா என்றும், பிரெஞ்சு நாட்டு அரசையே கொடுப்பதாயினும் தாம் மீண்டும் அதற்கு உடன்படப் போவதில்லை என்றும் அம்மடலில் குறித்தார். பாத்திரம் இருந்த ஊரின் பெயரால் அக்கலம் லைடன் சாடி என வழங்கலாயிற்று.

செய்யவேண்டா என்று ஒருவர் எச்சரித்ததே பலரைச் செய்யத் தூண்டியது போலும். அவ்வாண்டிலேயே ஐரோப்பா முழுவதும் இது ஒரு வேடிக்கையாகப் பரவிற்று. பிரெஞ்சு அறிஞர் நொல்லே, மன்னர் பதினைந்தாம் லூயியின் முன்னிலையில் 180 காவல் வீரரைக் கைகோத்து நிற்கச் செய்து, ஒரு சாடியின் மின்சாரத்தை அவர்கள் அனைவரூடும் செலுத்தினார். அனைவரும் ஒரே கணத்தில் துள்ளினர். பின்னர்ப் பாரிஸில் ஏறத்தாழ 200 துறவியரை வரிசையாக நிறுத்தியும் அவ்வாறே செய்தார். லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் விங்கிளருக்கோ இத்தாக்குதலால் உடலில் வலிப்புக் கண்டது. காய்ச்சல் வருமோ என அஞ்சி அவர் குளிர்ச்சி தரும் மருந்து உட்கொண்டார். அவருடைய மனைவியாரும் தாக்குண்டு நடக்க இயலாமல் தளர்ந்தார்.

இவ்வளவு நடந்தும் இவர்களில் எவரும் உயிர் இழக்கவில்லை. காரணம் இவர்களுடைய அறிவோ எச்சரிக்கையோ அன்று. அவர்களுடைய சாடிகள் சிறியனவாக இருந்தன, அவ்வளவே. சிறு குட்டையில் தடுமாறி விழுந்து எழுந்தவன் நீரைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை என்று முடிவு செய்வது போல, உலகமும் முடிவு செய்துகொண்டது.

அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், பிலடெல்பியா நகரில், பெஞ்சமின் பிராங்கிளின் இச்சாடியை வேடிக்கைப் பொருளாகக் கொள்ளாமல் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். அச்சுத் தொழிலால் பொருளீட்டிய அவர் 1747ஆம் ஆண்டு முதல் இத்துறையில் முனைந்து உழைத்தார். சாடியின் ஒரு புறத்தில் மின்சாரம் எவ்வளவு மிகுகின்றதோ அவ்வளவே மறுபுறத்தில் குறைகின்றது என்பதை அவர் கண்டார். இன்றும் மின்சாரத்தைக் கூட்டல், கழித்தல் எனக் குறிக்கும் வழக்கு அவர் தந்ததே. அவர் செய்த சோதனை ஒன்று குறிப்பிடத்தக்கது. மின்னேற்றிய சாடியிலிருந்த நீரை அவர் வேறொரு பாத்திரத்தில் ஊற்றினார். அந்நீரில் மின்சாரம் காணப்படவில்லை. வெறுமையான பழைய சாடியில் புதுநீர் வார்த்துத் தொட்டபோதோ அது முன்போலவே தாக்கிற்று! மின்சாரம் நீரில் தங்கவில்லை. கண்ணாடியையே பற்றிக்கொண்டு நின்றது. மேலும் அவர் கண்ணாடிப் பலகை பதினொன்றிற்கு இருபுறமும் ஈயத் தகடு பொருத்தி ஒன்றாக இணைத்து, பீரங்கி வரிசையைக் குறிக்கும் பாட்டரி என்னும் சொல்லை அதற்குப் பெயராக இட்டார். கைவிளக்கில் இடும் சிறு பொருளை நாம் இன்று அப்பெயரால் அழைக்கின்றோம்.

ஆக, அந்நாளில் இக்கலத்தின் இயல்பை அவரினும் நன்கறிந்தவர் உலகில் எவரும் இலர் எனலாம். 1750ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 23ஆம் நாள் நடந்ததை இதனை மனத்திற் கொண்டு நோக்குதல் வேண்டும்.

அன்று பிராங்கிளின் வான்கோழி ஒன்றை மின்சாரத்தால் கொல்ல ஏற்பாடு செய்திருந்தார். அவ்வாறு கொல்லப்பட்ட பறவையின் இறைச்சி மிக மென்மையாக இருக்கும் என்பது அவர் கருத்து. இரண்டு பெரிய கண்ணாடிச் சாடிகள் மின்னேற்றப்பட்டு இருந்தன. சாதாரணப் புட்டிகள் நாற்பது கொள்ளும் மின்சாரத்தை அவையிரண்டும் கொண்டிருந்தன. சுற்றிலும் நண்பர்கள் கூடியிருந்தனர். அவர்கள் தமக்குள்ளும் அவரோடும் பேசிக்கொண்டிருந்தனர். சாடிகளின் வெளிப்புறத்தோடு இணைந்த சங்கிலி அவருடைய ஒரு கையில் இருந்தது. பேச்சின் நடுவே, மேற்கம்பிகள் இருந்த பக்கம் மறுகை சென்றுவிட்டது.

பெருஞ்சுடர் ஒன்று எழுந்ததையும், கைத்துப்பாக்கி வெடித்தது போன்ற ஓசையையும் சுற்றியிருந்தோர் கண்டும் கேட்டும் திகைத்தனர். அவரோ எதனையும் காணவில்லை, கேட்கவும் இல்லை. தலை முதல் கால் வரை, உள்ளும் புறமும், ஒரே அடியாக விழுந்ததை மட்டுமே பின்னர் உணர்ந்தார். உடல் கடுமையாக நடுங்கிற்று. சிறிது சிறிதாகவே நினைவு தெளிந்தது. சங்கிலி பற்றிய கை, குருதி முழுவதும் வடிந்துவிட்டது போல வெளுத்து, எட்டுப் பத்து நிமிடம் வரை உயிரற்ற தசை போலக் கிடந்தது. மறுகையில், மின்சாரம் நுழைந்த இடத்தில், உருண்டையாக ஒரு வீக்கம் கண்டது. கைகளிலும் பிடரியிலும் மரமரப்பு மறுநாட் காலை வரை நீங்கவில்லை. நெஞ்செலும்பு அடிபட்டது போல நொந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் இந்நிகழ்ச்சியை எழுதிய மடல் இன்றும் உள்ளது. இத்தகைய தவற்றைச் செய்ததற்குத் தாம் நாணுவதாகவும், சோதனை செய்யும் தம் நண்பர் ஒருவருக்கு எச்சரிக்கையாக இதனைத் தெரிவிக்கலாமென்றும், அதற்குமேல் பரப்பவேண்டா என்றும் அதிற் கேட்டுக்கொண்டார். தவற்றை மறைக்க விரும்பும் நாணமும், பிறர்க்கு அது நேரக்கூடாது என்னும் அக்கறையும் ஒரே மடலில் போராடுகின்றன. அக்கறை வென்றமையால் நாம் இதனை அறிகின்றோம்.

அவர்க்கு நேர்ந்தது எவ்வளவு பெரிய தாக்குதல்? ஏரியின் உவமையைக் கொண்டே இதனைக் கணக்கிடலாம். ஏரியின் பரப்பு எப்படியோ அப்படி மின்தேக்கியின் கொள்திறன். நீர்மட்டத்தின் உயரம் எப்படியோ அப்படி மின்னழுத்தம். நீர்மட்டம் இருமடங்கு உயர்ந்தால் நீர் இருமடங்காகும். ஆயினும் கரையுடைந்து பாயுங்கால் அது செய்யும் வேலையோ நான்கு மடங்காகும். ஏனெனின் நீரும் மிகுந்தது. அது விழும் உயரமும் மிகுந்தது. மின்தேக்கியிலும் அவ்வாறே. கொள்திறனின் பாதியை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்க வருவதே அதில் அடங்கிய ஆற்றலாகும்.

கையளவுச் சாடி ஒன்றின் கொள்திறன் ஏறத்தாழ 1 நானோபாரடு எனக் கொள்வோம். 20,000 வோல்ட்டு அழுத்தத்தில் அது கொள்ளும் ஆற்றல் 0.2 ஜூல். தோள் அதிரும், உயிர்க்குப் பெரும்பாலும் தீங்கில்லை. நாற்பது சாடிகளை இணைத்தால் 8 ஜூல் ஆகும். அழுத்தத்தை 40,000 வோல்ட்டாக உயர்த்தினால் அதே நாற்பதும் 32 ஜூல் கொள்ளும். 10 ஜூல் அளவிலேயே தாக்குதல் தீங்கானதென்றும், 50 ஜூல் உயிரைப் போக்கக்கூடியதென்றும் கொள்வது இத்துறையினர் வழக்கம். ஆயினும் இவ்வெண்களை உறுதியான வேலியாகக் கருதுதல் கூடாது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சுருங்கி விரியும்போது, இடையே மிகச் சிறு கணம் ஒன்று வருகின்றது. அக்கணத்தில் மார்பின் ஊடே பாயும் மின்சாரம் இதயத் தசைகளின் ஒழுங்கைக் குலைத்துவிடும். பின்னர் அவை துடிதுடிக்குமேயன்றிக் குருதியைச் செலுத்தா. ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் மின்சாரத்திற்கு மார்பே வழியாகின்றது. பிராங்கிளினுக்கு நேர்ந்தது இவ்வழியே ஆகும். அவர் பிழைத்தது நல்லூழ் என்றே சொல்லவேண்டும்.

இன்று மருத்துவமனைகளில், இவ்வாறு ஒழுங்கு குலைந்த இதயத்தை மீண்டும் நெறிப்படுத்த மருத்துவர் பயன்படுத்தும் கருவிக்குள் இருப்பதும் மின்தேக்கியே என்பது வியப்பன்றோ! அது 150 ஜூலுக்கும் மேற்பட்ட ஆற்றலை அளந்து மார்பிற் செலுத்தி இதயத்தை மீட்கின்றது. அளவும் இடமும் அறிந்து பயிற்சி பெற்றவர் கையில் அது மருந்து.

பிராங்கிளின் காலத்தில் ஒரு நன்மை இருந்தது. கோளத்தைச் சுழற்றி உரசி, வியர்வை சிந்திச் சாடியை நிரப்பினர். ஊற்றுச் சிறிது, நிறையவும் நேரமாயிற்று. இக்காலத்தில் மின்மாற்றியைக் கொண்டு கண்ணிமைக்கும் பொழுதில் நிரப்பிவிடலாம். அம்மின்மாற்றி தேக்கியினும் கொடியது. ஏரி ஒருமுறை பாய்ந்து தீர்ந்துவிடும். மின்மாற்றியோ தொட்டவன் விடுபடும் வரை பாய்ந்துகொண்டே இருக்கும். பழுதடைந்த நுண்ணலை அடுப்பின் மின்மாற்றியை எடுத்து விளையாடிய பலர் உயிரிழந்துள்ளனர். ஆகவே இத்தகைய சோதனையை மாணவர் தாமே தனித்துச் செய்தல் ஒருபோதும் தகாது. ஆய்வுக்கூடத்தில், கற்பிப்பவர் அருகிலிருக்க, சிறு அளவில் காண்பதே முறை.

கையாற் செய்த மின்தேக்கிக்குத் தனியான குறை ஒன்று உண்டு. தொழிற்சாலையிற் செய்ததன்மேல் அது தாங்கும் அழுத்தம் பொறிக்கப்பட்டிருக்கும். கையாற் செய்ததற்கோ அவ்வெண் இல்லை. குடுவையின் கண்ணாடி ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும்; உள்ளே காற்றுக்குமிழி மறைந்திருக்கும். மெலிந்த இடத்தைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் பாயுமாயின் கலம் வெடித்துச் சில்லுகள் சிதறும். உலோகத் தாளின் ஓரம் கலத்தின் வாய்க்கு மிக அருகில் இருப்பின், மின்சாரம் விளிம்பைச் சுற்றிக்கொண்டு தாவும். வாயிலே தூசியோ ஈரமோ படிந்திருந்தால் இன்னும் எளிதாகத் தாவும். இதனால்தான் பழைய சாடிகளிற் கலத்தின் மேற்பகுதியைத் தாள் ஒட்டாமல் வெறுமையாக விட்டனர். தாளின் கூரிய ஓரங்களில் மின்சாரம் காற்றில் கசிந்து, இருளில் நீலநிறமாய்த் தோன்றும். மெல்லிய சீறொலியும் ஓசோன் என்னும் வாயுவின் காரமணமும் எழும். அவ்வொலி கேட்டவுடன் சோதனையை நிறுத்துவதே அறிவுடைமை. சிலர் இக்கசிவைத் தடுக்கத் தேக்கியை எண்ணெயில் மூழ்க வைப்பர். கசிவு குறையும், ஆனால் பொறி பறந்தால் எண்ணெய் பற்றி எரியும் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

இவை அனைத்தினும் நுட்பமான அபாயம் ஒன்று உண்டு. நிறைந்த சாடியின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்தால், பளீரென ஒரு பொறி தோன்றி மின்சாரம் இறங்கிவிடும். இறங்கிவிட்டதென்றே எவரும் நினைப்பர். சிறிது நேரம் கழித்து மீண்டும் இணைத்துப் பார்த்தால் இன்னொரு சிறு பொறி தோன்றும்! ஏரி வடிந்தபின்னும் சேற்றில் ஊறிய நீர் கசிந்து பள்ளங்களில் தேங்குவது போல, கண்ணாடியின் உள்ளே ஊறியிருந்த மின்விசை மெல்ல வெளிவந்து முனைகளில் மீண்டும் அழுத்தத்தை உண்டாக்குகின்றது. பெரிய தேக்கிகளில் இம்மிச்சமே ஆளைத் தாக்கப் போதுமானது. எல்லாம் முடிந்தது என்று நெருங்குபவனை அது தாக்குவதால், முன்னறிந்த தாக்குதலினும் இது கொடியது.

எனவே இத்தொழில் அறிந்தோர் மின்தேக்கிக்கு ஒரு வடிகால் அமைப்பர். பெரிய மின்தடை ஒன்றை அதன் இரு முனைகளுக்கும் இடையே நிலையாக இணைத்து வைப்பதே அவ்வடிகால். மேற்சொன்ன நாற்பது சாடிகளுக்கு 100 மெகாஓம் தடை ஒன்றை இணைத்தால், மின்வரவு நின்று 20 விநாடிக்குள் 20,000 வோல்ட்டு 140 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். சாதாரணத் தடை ஒன்று சில நூறு வோல்ட்டுகளையே தாங்கும் ஆதலால், பலவற்றைச் சங்கிலிபோல் வரிசையாகக் கோத்தல் வேண்டும். அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வடிகால் அடைபட்டுவிடும். அறுந்தது வெளியே தெரியாது. ஆகையால் வடிகாலை மட்டும் நம்பாமல், நீண்ட கைப்பிடியுள்ள இறக்குகோலையும் பயன்படுத்துவர். முதலில் ஒரு தடையின் வழியாக மெல்ல இறக்குவர். பின்னரே நேராக இணைப்பர். எடுத்த எடுப்பில் நேராக இணைத்தால் பொறியின் வேகத்தில் உலோகம் உருகித் தெறிப்பதும் உண்டு.

மற்றொரு பழக்கத்தையும் அவர்களிடம் காணலாம். உயர் அழுத்தக் கருவியின் அருகில் நிற்கும்போது ஒரு கையை முதுகுப்புறமாகவோ சட்டைப்பைக்குள்ளோ வைத்துக்கொள்வர். காண்போர்க்கு அது செருக்குப் போலத் தோன்றும். இரு கைக்கும் இடையே மார்பு உள்ளது என்பதே அதன் பொருள். வேலை நடக்கும்போது அருகில் மற்றொருவர் இருப்பார். மின்வரவை எங்கே துண்டிப்பது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் வீண்பேச்சும் பேசமாட்டார். பிலடெல்பியாவில் அன்று கூடியிருந்தோர் தீயவரல்லர், நண்பர்களே.

மின்தேக்கியை எவரும் செய்யாவிடினும் அது நம் இல்லங்களில் இருக்கின்றது. நுண்ணலை அடுப்பிற்குள் ஏறத்தாழ 2,000 வோல்ட்டில் இயங்கும் தேக்கி உண்டு. படக்குழல் பொருத்திய பழைய தொலைக்காட்சிப் பெட்டியில், அக்குழலே கண்ணாடியும் இருபுறப் பூச்சுமாக அமைந்து, லைடன் சாடியைப் போலவே மின்சாரத்தைத் தேக்கி வைக்கின்றது. மின்செருகியைப் பிடுங்கிவிட்டோமே என்ற துணிவில் அவற்றின் மூடியைக் கழற்றுவோர் பலர். அவர்கள் வாய்க்காலை அடைத்துவிட்டு ஏரியை மறந்தவர்கள்.

பெரிய ஆய்வுக்கூடங்களில் மின்தேக்கிகளை அடுக்கி வைத்திருக்கும் அறைக்குட் சென்றால் ஒன்று கண்ணிற் படும். ஒவ்வொரு தேக்கியின் இரு முனைகளையும் ஒரு செம்புக் கம்பி பிணைத்திருக்கும். பயனின்றிப் பல ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடப்பவற்றிலும், இனி எவரும் எடுக்கப் போவதில்லை என ஒதுக்கப்பட்டவற்றிலும் அக்கம்பி இருக்கும்.